பூமணியக்காட குடிசையும் படக்காரரும்

மொழிபெயர்ப்பு வேலையில கதைக்கிறது ரெண்டு பக்கமும், ஏச்சு வாங்கிறது நடுவில நிக்கிறவன். தாய்க்கும் கட்டின மனிசிக்கும் நடுவில நிண்டு பழகின ஆக்களுக்கு இத நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

நான் படிப்ப இடையில விட்டவன். சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணக்காரரோட சுத்தித்தான் இங்கிலீசு பிடிச்சன். சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் எங்கட ஊருக்குத் தார் போட்ட கார்ப்பட் ரோட்டும் கரண்டும் ஒண்டா வந்திச்சு. பின்னாலயே ஒரு வெள்ளைக்கார மிஸ் கமராவோட வந்தா. வாவிக்கரையில ஒரு ஏழைக் குடும்பம் இந்தப் புது உலகத்த எப்பிடிச் சமாளிக்குது எண்டு படம் எடுக்கணுமாம். வீச்சு வலைக்காரன் தங்கராசா அண்ணன், பெண்சாதி பூமணியக்கா, மகள் சுதா, இவங்களத்தான் காட்டிக் குடுத்தன்.

பதியிறது

முதல் நாள் கமராவ நிமித்தினதுதான், பூமணியக்கா உள்ளுக்க ஓடிப்போய்க் குடும்ப அட்டை, கிராம சேவகர் ஜி.எஸ். குடுத்த கடிதம், போட்டோக்கொப்பி எல்லாத்தையும் ஒரு சொப்பிங் பேக்கில கொண்டுவந்து வைச்சா. அவவில பிழையில்ல. சுனாமியில இருந்து எங்கட ஊருக்குக் கமராவோட வந்தவன் எல்லாம் இழப்புப் பதியத்தான் வந்தவன்.

இந்த வருசங்கள்ள உங்கட மனசுக்குள்ள என்ன மாறிச்சு எண்டு மிஸ் கேட்டா. அக்கா மூச்சு விடாமச் சொன்னா, தோணி ஒண்டு, வலை ரெண்டு, சைக்கிள் ஒண்டு, கோழி பன்னெண்டு. நான் அப்பிடியே இங்கிலீசில மாத்திக் குடுத்தன். மிஸ் கண்ணத் துடைச்சா. அதப் பார்த்திட்டு அக்கா எண்ட காதுக்குள்ள கேட்டா:

"மனே, கோழிய பதினஞ்செண்டு சொல்லட்டா?"

எது வீடு

வீட்டுத் திட்டத்தில அவங்களுக்கு ஓடு போட்ட கல்லு வீடொண்டு கிடைச்சிரிந்திச்சு. பின் வளவில பழைய தென்னோலைக் கிடுகுக் குடிசை. போன வருசம் வரைக்கும் அதுக்குள்ளதான் சீவியம், இப்பவும் சமையல் அங்கதான். மிஸ் குடிசையக் கண்டதோட கல்லு வீட்டுப் பக்கம் கிறுகியும் பார்க்கல்ல.

எங்கட பக்கத்தில பொம்பிளப்புள்ளைக்குச் சீதனமா வீடு குடுக்கணும். மாப்பிள வந்து அந்த வீட்டிலதான் இரிப்பார். வீடில்லாததால சுதாவுக்கு ரெண்டு சம்பந்தம் முறிஞ்சது. மூண்டாவது பெரியகல்லாறு எண்ட ஊரில பேசி, மாப்பிள வீட்டார் வந்து வீடு பார்க்கிறதுதான் பாக்கி. இந்த நேரம் குடிசையில படமெடுத்தா என்ன நடக்கும் எண்டு மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்தினன். அருமையான வழக்கம், இதையும் குடிசைக்குள்ள இரிந்தே சொல்லச் சொல்லு எண்டா மிஸ். அக்காட்டச் சொன்னன்.

"குடிசைக்குள்ள இரிந்து சொன்னா மாப்பிளயா மனே வரும்? நிவாரண அரிசி மூட்டைதான் வரும்."

சத்தம்

கடைசியில ஒரு மாதிரி ஒத்துக்கொண்டாங்க. காலம கல்லு வீடு, பின்னேரம் குடிசை. அடுத்த நாள் காலம போனா, விறாந்தைக்கு நடுவில ஒரு பிரிஜ் நிக்கிது. கட்டார்ல இரிந்து வந்த அடுத்த வீட்டுக்காரிட்ட இரவல். அக்கா கல்யாணச் சாரியோட அதுக்குப் பக்கத்தில நிக்கிறா.

மிஸ்ஸோட வந்த சத்தம் பதியிற பொடியன் காதில மாட்டினத கழட்டிப்போட்டு, அது இரையுது, நிப்பாட்டச் சொல்லு எண்டான். உள்ளுக்க தண்ணிப் போத்தல் ஒண்டுதானே, நிப்பாட்டினா என்ன எண்டு நானும் கேட்டன். அக்கா பிளக்குக்கு முன்னால போய் நிண்டா.

"இரையாட்டி அது பிரிஜ்ஜா அலுமாரியா எண்டு பெரியகல்லாத்தாருக்கு எப்பிடித் தெரியும்?"

நாலு மணி மீன்

தங்கராசா அண்ணன் விடியத்தான் வலை வீசுறவர். மிஸ்ஸுக்குப் பின்னேர வெளிச்சம்தான் வேணும். புதுப் பாலத்தில ஊர்ச்சனம் ஏறி நிண்டு பார்க்க, மனிசன் இடுப்புத் தண்ணியில நிண்டு பதினொரு தரம் வீசினார். வந்தது ஒரு செருப்பு. இன்னொருக்கா எண்டு மிஸ் சொன்னத நான் மாத்திச் சொல்ல, வலைய உதறிக்கொண்டே சொன்னார்:

"உனக்குத்தானே தம்பி எல்லாப் பாசையும் தெரியும், மீனையும் நாலு மணிக்கு வரச் சொல்லு."

செட்

மூண்டாம் கிழமை ஒரு பின்னேரம். மிஸ் கேட்டபடி மூண்டு பேரும் குடிசைக்குள்ள நிலத்தில இரிந்து, சம்பலோட பழஞ்சோறு தின்னுறாங்க. சுதா கிழிஞ்ச சட்டையோட. வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நிண்டிச்சு. மாப்பிளட தாயும் தாய்மாமனும். புது ரோட்டால கெதியா வந்திட்டமெண்டு சொல்லிக்கொண்டே நேர பின் வளவுக்கு வாறாங்க.

அக்காட கை வாய்க்குப் போகாம நிண்டிட்டு. சுதா என்னத்தான் பார்த்தாள். நான் முன்னுக்குப் போய்ச் சொன்னன், படத்துக்கு ஏழை வீடொண்டு தேவைப்பட்டிச்சு, இது படக்காரர் போட்ட செட், இவங்கட வீடு முன்னுக்கு இரிக்கிற கல்லு வீடு எண்டு. மாப்பிளட தாய் குடிசைய ஒரு சுத்து வந்தா. கிடுகக் கிள்ளிப் பார்த்தா. புகை பிடிச்ச முகட்ட அண்ணாந்து பார்த்தா. மறுகா கூட வந்த தன்ர தம்பிட்டச் சொன்னா:

"இத்துப்போன கிடுகு மாதிரியே செஞ்சிரிக்கிறாங்க பாரு, அடுப்புக் கரி முதற்கொண்டு."

கமராப் பெட்டியில இரிந்தது

அண்டைக்கே சம்பந்தம் முடிவாகிட்டு. ஆனா கமரா ஓடிக்கொண்டிரிந்தத நான் யோசிக்கல்ல. மிஸ் கொழும்பில வேற ஒரு ஆளப் பிடிச்சு, பதிஞ்சதெல்லாத்தையும் இங்கிலீசில எழுதுவிச்சிரிக்கா. நான் மாப்பிளட தாய்க்குச் சொன்னத அதில வாசிச்சிட்டு எனக்குப் போன் எடுத்து, செட் போட்டு என்னை ஏமாத்திட்டீங்க எண்டா. ஆண்டவன் அறிய அது உண்மையான குடிசை எண்டன். நம்பல்ல. அந்தக் குடும்பம் வாற துண்டு முழுக்க வெட்டி எறிஞ்சா, என்னையும் சேர்த்து.

எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமப் பூமணியக்காட்டப் போனன். கல்யாணப் பலகாரம் சுட்டுக்கொண்டிரிந்தவ, எல்லாத்தையும் கேட்டிட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டா:

"அப்ப பெரியகல்லாத்தில ஒருத்தரும் அதப் பார்க்கமாட்டாங்கதானே? இரி மனே, ரெண்டு முறுக்குத் தின்னு."

மூண்டு கிழமையா நான் மாத்திச் சொன்ன உண்மையில ஒண்டுகூட மத்தப் பக்கம் ஒழுங்காப் போய்ச் சேரல்ல, சொன்ன ஒரேயொரு பொய்யத்தான் ரெண்டு பக்கமும் அப்பிடியே நம்பிச்சு.