மருந்தில் சேராத மண்

ஜெயசித்ரா சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் கால்கடுக்க நின்று பிழைக்கிறவள். ஐம்பது வயதுக்குள் இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துபோயின. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் ஊரே கோமதியம்மன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றும்போது, இரண்டு வருஷமாக வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிற ஆடியில் சுற்றியே தீருவது என்று மனசுக்குள் வைராக்கியம் வைத்தாள்.

அதனால்தான், திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூட்டுத் தேய்மானத்துக்குப் புது வலி மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டாள். டாக்டர் விஜிதா எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் இருக்கிறவரை வேறு வலி மருந்து எதையும் தின்னவோ தடவவோ கூடாது.

புருஷனின் அக்காள் முத்துத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, எலி கிடைக்கலன்னு உன்னையப் பிடிச்சிருக்காங்க. வாலு முளைச்சிராமப் பாத்துக்கோ!"

"முளைச்சா நல்லதுதான் மதினி. கோயிலைச் சுத்தும்போது நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டே வரலாம்லா."

மாத்திரை தின்னத் தின்ன வலி மட்டுப்பட்டது. படி இறங்கும்போது சுவரைத் தேடிய கை சும்மா தொங்கியது. அந்தச் சந்தோஷத்தோடு பரிசோதனைக்குப் போனபோதுதான் வினை வந்தது. சேலையை விலக்கிய நர்ஸ் ஷீலா அப்படியே நின்றுவிட்டாள். மூட்டைச் சுற்றி மண் காய்ந்து அப்பியிருந்தது.

"என்னக்கா இது? வேற மருந்து போடுதீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னீங்களே!"

"மருந்து எங்க போட்டேன்? இது கோயில் புத்துமண்ணுல்லா."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கத்துப் புளியங்குடிக்காரியான ஷீலாதான் விளக்கினாள். "சங்கரன்கோவில்ல எந்த நோவுக்கும் இதைக் குழைச்சுப் பூசுவாங்க மேடம். மருந்தான்னு கேட்டா இல்லம்பாங்க. அவங்களுக்கு அது பிரசாதம்."

"வலி எதனால குறைஞ்சதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் டாக்டர். எழுந்துபோய் மேலிடத்தில் யாருக்கோ போன் போட்டார். கழித்துக்கட்டிவிடுவார்களோ என்று ஜெயசித்ரா சேலையை இழுத்து மூட்டை மூடிக்கொண்டாள். திரும்பி வந்தவர், மண் பூசியதைக் குறித்துக்கொண்டு அவளைத் தொடரவிடலாமாம், இனி மட்டும் பூசக் கூடாது என்றார்.

அம்மன் மண்ணை வேண்டாம் என்பதா? மெல்லக் கேட்டாள்: "நெத்தியில இட்டுக்கிடலாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நாங்க தலைவலிக்கு மருந்து பாக்கலம்மா. நல்லா இட்டுக்கோங்க."

மண்ணைக் கழுவிய பிறகு, இன்றைக்கு வலிக்கும், நாளைக்கு வலிக்கும் என்று பயந்தபடியே தறிக்கூடத்தில் நின்றாள். வலி வரவில்லை. ஆடிதான் வந்தது.

கொடியேறியதும் சுற்ற ஆரம்பித்தாள். வேர்வை வழிந்தது, உள்ளங்கால் காந்தியது. மூட்டு மட்டும் வாய் திறக்கவில்லை. கூட வந்த முத்துத்தாய் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, நில்லு! மாத்திரையா, அம்மனா? யாருட்டி உன்னைய இந்த ஓட்டம் ஓட்டுதது?"

"அது டாக்டருக்கே தெரியாதாம் மதினி. வலிக்கல, அது எனக்குத் தெரியும்!" என்று கத்திக்கொண்டே கூட்டத்தோடு போய்விட்டாள்.

எல்லாச் சுற்றும் முடித்து, கொடிமரத்தின் முன் முழங்காலிட்டு விழுந்து கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். அதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள்.