பிள்ளைப்பாக்கம் வழியாக ஒரு ரத்தப் பரிசோதனை

கோவில், அருவி, மலை என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் போனது ஓர் அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறைக்கு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பூந்தமல்லியில் கிளம்பி, பிள்ளைப்பாக்கத்தில் என் பழைய அறைத் தோழன் செல்வத்தைப் பிடித்து, செங்கல்பட்டு வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். இதே பயணம் போகவேண்டியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பஸ், நேரம், கட்டணம் எல்லாம் வழக்கம்போல உண்டு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் காரணம். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் குவாலிட்டியில் இருந்தேன். தினமும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. முதுகுக்கு என்று வலி மாத்திரையில் ஆரம்பித்து, போதை ஊசியில் போய் நின்றேன். அறையில் இருந்த மூன்று பேரும் அப்படித்தான்: நான், கோவில்பட்டிப் பக்கத்துச் செல்வம், அரக்கோணத்துப் பாபு. மூவரும் குவாலிட்டி ஆட்கள். அதனால் ஊசியிலும் குவாலிட்டி பார்த்தோம்!

சிரிக்காதீர்கள். லைனில் பாகங்களுக்கு ஒட்டுகிற வண்ண ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து எங்கள் ஊசிகளில் ஒட்டினோம். லைனில் பச்சை என்றால் ஓகே, மஞ்சள் என்றால் ஹோல்டு, சிவப்பு என்றால் ரிஜெக்ட். செல்வம் முந்திக்கொண்டு பச்சைக்குத் துண்டு போட்டுவிட்டான். பாபுவுக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு. ஒருவன் ஊசியை இன்னொருவன் தொட்டால் அடிதடிதான். அடுத்த அறைக்காரர்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போடுகிறார்களாம், நாங்கள் அப்படியில்லையாம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. ஆனால் மருந்தைக் கரைக்க மூன்று ஊசியும் தண்ணீர் எடுத்தது ஒரே பாட்டில் மூடியிலிருந்து. அதற்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

நான் ஊசியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. விட்ட பிறகு புது வேலைக்குச் சேரும்போது எடுத்த பரிசோதனையில், ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. கல்லீரலை அரிக்கிற கிருமி. வருடக்கணக்கில் ஒரு வலியும் காட்டாது. அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், இலவசமாக. முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது கிருமி இல்லை. அன்று நான் வாங்கித் தின்ற மைசூர்பாவை இன்னும் மறக்கவில்லை.

பாபு அரக்கோணத்துக்கே போய்விட்டான். செல்வத்தை அப்போதிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக ஒரே பதில்: "என் பச்சைய எவனும் தொட்டதில்லல. அதான் விட்டாச்சே, பொறவு என்னத்துக்கு டெஸ்ட்டு?" அவனுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்குப் போன மனைவியும் குழந்தையும் அடுத்த மாதம் கோவில்பட்டியிலிருந்து வருவதாக இருந்தது. அதற்குள் அவனைப் பரிசோதனை அறை வாசலிலாவது நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலை 6.50க்குப் பூந்தமல்லியில் பஸ். ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டர், கட்டணம் 22 ரூபாய். சன்னலோரம் வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னால் போங்கள். பென்னலூர் தாண்டும்போது கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போவார்கள். முன்பு நானும் அந்தச் சன்னல்களில் ஒன்றில் அப்படிக் கிடந்தவன்தான். இந்த முறை வெளியே இருந்து பார்ப்பது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா!

7.45க்கு ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

"பிள்ளைப்பாக்கமா? கம்பெனி கேட்டாண்டயா, ஊருக்குள்ளயா?" என்றார் ஓட்டுநர்.

"ஊருக்குள்ளண்ணே."

"ஊருக்குள்ள இன்னா கீது நைனா? நெலத்த வித்துட்டு அல்லாரும் ரூமு கட்டி வாடகைக்கு வுட்டுகினு கீறாங்க. குந்து, இருவது ரூவா."

அவர் சொன்னது முழு உண்மை இல்லை. ஏரிப் பக்கம் இன்னும் நாற்று நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

செல்வம் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் டீக்கடையில் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாதா? பொங்கலும் வடையும் சொன்னேன். (அந்தக் கடையில் பொங்கல் 35 ரூபாய். வடையைத் தவிர்க்கலாம், முந்தைய நாளுடையது.) சாப்பிட்டு முடித்ததும் அவன் பழைய பல்லவியை எடுத்தான். பச்சை, எவனும் தொட்டதில்லை, விட்டாச்சு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு மாதக் கோபம்.

"டேய், ஒரே அச்சுல, ஒரே ஷிப்ட்ல ஓடின லாட்டு. அதுல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுனா நீ இன்னா பண்ணுவ? மத்தத டெஸ்பாட்ச் பண்ணிடுவியா?"

"மாட்டேன். லாட்டையே ஹோல்டுல போட்டு ஒவ்வொண்ணா செக் பண்ணுவேன்."

"நாம மூணு பேரும் தண்ணி எடுத்தது ஒரே மூடிலடா. ஒரே லாட்டு. செவப்பு ஃபெயில் ஆயிடுச்சு. நீ எந்த நம்பிக்கைல பச்சைய ஒட்டிகினு நிக்கிற?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

"இருக்குன்னு சொல்லிட்டாவன்னா பிள்ளையத் தூக்கக் கூடாதும்பாங்கல்லா? நான் இன்னும் ஒரு தடவகூட அவளத் தூக்கல மச்சி. வீடியோவுலதான் பாக்கேன்."

எட்டு மாதம் நான் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "அதையும் அங்கயே கேட்டுக்கலாம், வா" என்றேன். எழுந்து வந்துவிட்டான்.

9.05க்குப் பஸ். ஒரகடம் ஒன்பது கிலோமீட்டர், 12 ரூபாய். எங்கள் பழைய கம்பெனி வாசலைக் கடக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, பிறகு சிரித்துவிட்டோம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் பன்னிரண்டு கிலோமீட்டர், 15 ரூபாய். அங்கே மின்சார ரயில், 5 ரூபாய், செங்கல்பட்டு. 10.50க்கு மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டு பன்னிரண்டு மணிக்குள் வாங்கிவிடவேண்டும். பிந்தினால் அடுத்த நாள்தான்.

விரல் நுனியில் குத்தி முதல் பரிசோதனை. இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். செல்வம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். இரவு முழுக்க நின்றவன். நான்தான் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுப்பி உள்ளே கூப்பிட்டபோது ஆலோசகர் அம்மா நேராகவே சொன்னார்: "கிருமி உள்ள வந்ததுக்கான அடையாளம் இருக்கு தம்பி. இப்பவும் இருக்கான்னு தெரிய இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். எச்ஐவி இல்ல. மஞ்சள் காமாலை பி-யும் இல்ல, அதுக்கு இன்னிக்கே தடுப்பூசி போட்டுக்குங்க."

செல்வம் வேறு எதையும் கேட்கவில்லை. "மேடம், பிள்ளையத் தூக்கலாமா?"

"தாராளமா தூக்குங்க. கொஞ்சுங்க, சோறு ஊட்டுங்க. தொட்டா, ஒரே தட்டுல சாப்ட்டா பரவாது. இது ரத்தத்தோட ரத்தம் சேர்ந்தாதான். உங்க ஷேவிங் பிளேடு, பிரஷ் மட்டும் தனியா வெச்சுக்குங்க."

அவன் அழுதான். நானும்தான். ஆலோசகர் அம்மா மேசையைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவேண்டும். செல்வம் கையை நீட்டத் தயங்கினான். ஊசி போட்டுப் போட்டு முழங்கை நரம்புகள் கயிறுபோல இறுகிவிட்டன, சீழ் வைத்து ஆறிய தழும்பு வேறு. நர்ஸ் திட்டவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. "எந்த எடத்துல கெடைக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க" என்று அவனையே கேட்டார். புறங்கையில் ஒன்றைக் காட்டினான். முதல் குத்திலேயே கிடைத்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது, கல்லீரல் இன்னும் நன்றாக இருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டான். ஷிப்ட் மாறினாலும் மறக்காமலிருக்கத் தினமும் காலை எட்டு மணிக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறான். குழந்தை வந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு நிற்கிற படம் தினமும் இரண்டு மூன்று வருகிறது. எரிச்சல்படுவதாகக் காட்டிக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆதார் அட்டை எடுத்துப் போங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போகவேண்டியதில்லை. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போனால் நரம்பு சுலபமாகக் கிடைக்கும். என்னிடமும் செல்வத்திடமும் போலீஸ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் ஊசி போடுகிறவர்களும் போகலாம். விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். புது ஊசி எங்கே கிடைக்கும், விடுவதற்கு என்ன மருந்து என்று அங்கேயே கேட்கலாம். ஊசி மட்டும் தனி என்றால் போதாது. தண்ணீர், மூடி, பஞ்சு எல்லாமே தனி. குணமானாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை வந்ததால் பாதுகாப்பு கிடையாது. குணமான பிறகும் முதல் பரிசோதனை 'அடையாளம் இருக்கிறது' என்றேதான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இரண்டாவது பரிசோதனைதான் முக்கியம்.

திரும்பும் பயணத்தில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே கரும்புச்சாறு குடித்தோம், இருபது ரூபாய், இஞ்சி போட்டது. தவறவிடாதீர்கள்.

இதுவரை உள்ளதை நேற்று எழுதி ஏற்றிவிட்டுப் படுத்தேன். இன்று காலை செல்வம் கூப்பிட்டான். பின்னால் குழந்தை சத்தம்.

"மச்சி, மஞ்ச ஸ்டிக்கரு வந்திருக்கான்ல. லாட்டு ஹோல்டுல கெடக்கு, வந்து சேருலன்னு நாந்தான் ஒரு வாரமா ஏசிக்கிட்டு இருந்தேன். அரக்கோணத்துல இருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கான். நான் ஷிப்ட்டுல இருந்து இப்பதான் வந்தேன். எந்த பஸ்ஸுல ஏறணும், எத்தன மணிக்குள்ள போணும்னு கேக்கான். என்ன சொல்ல?"

ஒன்றும் சொல்லவேண்டாம் என்றேன். பாபுவின் எண்ணுக்கு இந்தப் பதிவை அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.