காயாத மஞ்சள் துணி

சுதந்திரம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில் எங்களுக்கு நெல் விவசாயம். களையெடுப்பு முடிந்துவிட்டது, அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. என் தலைப்பிள்ளைக்குப் பதினோராவது மாதம். அது முடிவதற்குள் திருப்பதியில் முதல் மொட்டை போட்டாக வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று.

அப்போதெல்லாம் மலைக்கு நடந்துதான் ஏற வேண்டும். அடைமழைக் காலம் வேறு. அதனால் கிளம்புவதற்கு வெகு நாள் முன்பிருந்தே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மூட்டை கட்டுவதில்தான் சண்டை. புளிசோறு, அவல், பொட்டுக்கடலை, தீப்பெட்டி, லாந்தர், தலையில் போட்டுக்கொள்ளக் கோணிப்பை என்று நான் சேர்த்துக்கொண்டே போவேன். "இன்னா மே, குடித்தனத்தையே தூக்கிகினு வர்றியா? யாரு சொமக்கறது?" என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார். கம்பளி வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். எங்கள் ஊரில் யாருக்குக் குளிர்ந்திருக்கிறது?

இவ்வளவு யோசித்தும் ஒன்றில் கோட்டை விட்டோம். அந்த மலைக்கு மஞ்சள் துணியோடுதான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டுவது, போர்த்துவது, குழந்தையின் சட்டை வரைக்கும் ஒன்று விடாமல் முந்தின நாள் மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். கார்த்திகை மழையில் எங்கே காயும்? போகப் போகக் காய்ந்துவிடும் என்று ஈரத்தோடு மடித்துக் கட்டி, ஆவடியில் ரயிலேறிவிட்டோம்.

மலையில் பாதி ஏறியிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தலையில் பெய்யும். அங்கே காற்று அதைப் பக்கவாட்டில் வாரி அடித்தது. கோணிப்பை எந்த மூலைக்கு? ஒரு கல் மண்டபத்தில் ஒதுங்கி, பிள்ளைக்குத் துணி மாற்றலாம் என்று மூட்டையை அவிழ்த்தால் அத்தனையும் சில்லென்று, முடைநாற்றத்தோடு இருந்தது. எங்கள் உடம்பில் இருந்ததும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளை சத்தத்தை நிறுத்திவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்போடு அணைத்தேன், பால் குடிக்க வாய் திறக்கவில்லை. "ஒரு காஞ்ச துணி கீதா?" என்று அவர் மண்டபத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே ஓடினார். அங்கே இருந்தவர்களும் எங்களைப் போல நனைந்தவர்கள்தான்.

மூலையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மெழுகுத்துணி சுற்றிய பொட்டலம் ஒன்றை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தார். அதையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தவர், மளமளவென்று பிரித்தார். உள்ளே புத்தம் புதுப் பட்டு வேட்டி. சாமிக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டு எடுத்துவந்தது என்று சொல்லிக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

"ஐயோ, வேணாண்ணாத்தே, சாமி துணி!" என்று பதறினேன்.

"சாமி கோயிலு உள்ளாற கீது, அதுக்குக் குளிராது. நீ மொதல்ல ஈரத்த உருவும்மா" என்றார். பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆள் போலத்தான் இருந்தது.

பட்டைச் சுற்றி, அந்த மனிதர் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்க்கத் தேய்க்க, அவன் முதலில் சிணுங்கினான். பிறகு மண்டபமே அதிர அழுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. பால் குடித்த கையோடு வேட்டியை நனைத்தும் வைத்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ, "செர்தான், இனிமே இது அவனுதுதான்" என்று சிரித்தார்.

மறுநாள் மொட்டை போட்டுவிட்டுச் சந்நிதிக்குப் போனபோது, எங்களுக்குச் சற்று முன்னால் அவர் நின்றிருந்தார். வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு, உதடு அசைய எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடியே இருந்தது. யாருக்காக நேர்ந்துகொண்டார் என்று கேட்கலாம் என வெளியே வந்து தேடினேன். கூட்டத்தில் ஆளைக் காணவில்லை.

என் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் எந்தச் சந்நிதியில் நின்றாலும், என் வீட்டுக்காக வேண்டுவதற்கு முன்னால், 'அந்த மனுஷன் கேட்டதைக் கொடுத்துடுப்பா' என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.