பிறை பார்க்கிற குழாய்

மட்டக்களப்பு நகரத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் மாலை, காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த சிறு வில்லை ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்குள்ள பாசி மாதிரி என்னமோ புடிச்சிரிக்கி. கழுவித் தர ஏலுமா?"

மூக்குக்கண்ணாடிக்கு உரிய வில்லை அல்ல அது. பித்தளை வளையம் ஒன்றுக்குள் இரண்டு மூன்று கண்ணாடிகள் அடுக்கியிருந்தன. வாவிக் காற்றின் உப்பும் ஈரமும் கமராக்களைக் கெடுப்பது போலவே இதையும் கெடுத்திருந்தன. உள்ளே வெள்ளைப் பூஞ்சை நூல் நூலாக ஓடியிருந்தது. என்னவென்று கேட்டேன். சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய தொலைநோக்கியின் கண்வில்லை என்றார். "பிறை பாக்க எண்டு வாங்கினன். மறுகா ஒண்டொண்டா எல்லாத்தையும் பாக்கத் தொடங்கிட்டன்."

வளையத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன. எடுத்துப் போக வந்தவர் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அவருடைய வீட்டு மொட்டை மாடியில் அன்று சனிக்கிரகத்தைப் பார்த்தேன். கறுப்புத் துணியில் தைத்த சிறு பொத்தான் போல, வளையத்தோடு நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "இதத் தனியப் பாத்து என்ன செய்யிற?" என்றார்.

அவர் என்னைவிட மூத்தவர். அண்ணன் என்ற முறையில் நான் காக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் தம்பி. கடை பூட்டியபின் கிழமைக்கு ஒரு மாலை, வாவிக் கரை வீதியில், பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அந்தத் தொலைநோக்கிக் குழாயை நிறுத்தத் தொடங்கினோம். போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவது காக்காவின் வேலை. கடைக்காரர் என்பதால் அவருக்குக் கூச்சம் இல்லை. "வாங்க, வந்து பாருங்க, சும்மாதான்" என்பார். சும்மா என்றதும் சனம் சந்தேகப்பட்டது. எந்தக் கட்சி, எந்த நிறுவனம் என்று விசாரித்தது.

முதல் மாலை பார்த்தவர்களில் ஒருவர் சைக்கிளில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். வெறும் பெட்டியோடு சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எங்களை முறைத்தார்.

"உள்ளுக்குப் படம் ஒட்டி வச்சிரிக்கீங்க என்ன?"

காக்கா குழாயை மெல்லத் தட்டினார். சனி ஆடியது, பிறகு பார்வையை விட்டு நகர்ந்து போனது. அவரையே திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவர் நெடுநேரம் தேடினார். அகப்பட்டதும், "அடி ஆத்தே!" என்று ஒரு சத்தம் போட்டார். அதைக் கேட்டுத்தான் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள்.

முழுநிலவு நாட்களில் நாங்கள் குழாயை எடுப்பதில்லை. வெளிச்சம் கூடி எல்லாம் தட்டையாகத் தெரியும். சுனாமி வந்த அன்று போயா, முழுநிலவு நாள். அதனால் குழாய் என் கடையின் பின்னறையில் இருந்தது. கடை வாவிக்கு இப்பால் இருந்ததால் அங்கே தண்ணீர் வரவில்லை. காக்காவின் வீடு கடற்கரை வீதியில். அவருடைய தாயும் இளைய மகளும் கடலோடு போய்விட்டார்கள். தாயின் மையித்து அடக்கக் கிடைத்தது. மகளுடையது கிடைக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவரும் மனைவியும் மூத்த மகனும் வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், அகதி முகாமில் இருந்தார்கள். வகுப்பறைக்கு நான்கைந்து குடும்பம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். குழாயைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த போயா வந்தபோது கடல் மறுபடி வருகிறது என்று ஒரு கதை பரவியது. முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. நிலவு பெருத்துத்தான் கடலை இழுத்தது, இந்த முறையும் இழுக்கும் என்றார்கள். இருட்டுகிற நேரத்தில் முகாம் முழுவதும் எழுந்து ஓடியது. பானையோடும் பாயோடும் பிள்ளைகளோடும் வாவியைச் சுற்றி மேற்கே போகிற ரோட்டில் நெரிந்தார்கள். கிழவர் ஒருவர் விழுந்து மிதிபட்டு இடுப்பெலும்பு உடைந்தது. கடல் வரவில்லை.

சில நாட்களின் பின் காக்கா என் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. நின்றபடியே சொன்னார்: "தம்பி, அந்தக் குழாயத் தாங்க."

விற்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்களும் வாங்க. புதுப்பிறையில தொடங்குவம். ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பின்னால காட்டுவம். வளந்து வாறத அவங்கட கண்ணாலயே பாக்கட்டும். போயாவுக்கு ஓடாம இரிக்கலாம்."

அப்படித்தான் செய்தோம். முதல் நாள் மேற்கே நகக்கீறல் போலப் பிறை. முகாமின் ஆண்கள் ஸலாம் சொல்லி வந்து பார்த்தார்கள். பெண்கள் வகுப்பறை வாசல்களிலேயே நின்றார்கள். மூன்றாம் நாளில் பிள்ளைகளின் வரிசை மைதானத்தின் பாதிக்கு நீண்டது. நிலவின் வெளிச்ச விளிம்பில் குழிகள் தெரியும். முந்தின நாள் இருட்டில் இருந்த குழி இன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் ஓடிப்போய்த் தாய்மாரிடம் சொல்வார்கள்: "உம்மா, அது பெருக்கயில்ல. வெயில் ஏறுது, அவ்வளவுதான்!"

கரைவலைத் தோணி வைத்திருந்த ஒருவர் ஒரு மாலை எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். தோணியையும் தம்பிமார் இருவரையும் கடலுக்குக் கொடுத்தவர்.

"காக்கா, உண்மையச் சொல்லுங்க. இதுதானே இழுத்த?"

"இல்ல. கடலுக்கு அடியில, சுமாத்திராப் பக்கம், நிலம் உடைஞ்சிரிக்கி. இது இழுக்கிறதால கடல் ஒவ்வொரு நாளும் ஏறுறதும் வத்துறதும்தான். அது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

அவர் நிலவையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆரோட கோவிக்கிற?" என்றார்.

காக்கா குழாயை விட்டு அவர் பக்கம் வந்தார். சற்று நேரம் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். பிறகு அவர் போய்விட்டார்.

போயா வந்தது. அன்று மாலை நிலவு கடல் பக்கமிருந்து எழுந்தது. முகாமின் பாதிப் பேர் மத்தியானமே பஸ் ஏறி ஏறாவூருக்கும் ஓட்டமாவடிக்கும் சொந்தக்காரரிடம் போய்விட்டிருந்தார்கள். எங்கள் பாடம் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் யாரும் இருட்டில் ஓடவில்லை. மீதிப் பாதி இருந்தது. அன்றுதான் காக்காவின் மனைவி முதல்தடவையாக வகுப்பறையை விட்டு வந்தா. அதுவரை அவ வானத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்று மகன் சொல்லியிருந்தான். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தா. கண் கூசியிருக்க வேண்டும், தண்ணீர் வழிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தா.

"வெறும் கல்லும் மண்ணும்" என்றா, எங்களிடம் சொல்வதாக இல்லாமல். "இதையா நான் இவ்வளவு நாளும் ஏசினது?"

அன்று இரவு அவ நன்றாகத் தூங்கியதாகக் காக்கா மறுநாள் சொன்னார்.

அதன்பின் சண்டை மறுபடி தொடங்கியது. நகரத்திலிருந்து வாவிக்கு மேலால் ஷெல் போகும். கடையின் கண்ணாடிப் பெட்டிகள் அதிரும். படுவான்கரைச் சனம், அதாவது வாவிக்கு மேற்கே வயல் செய்கிறவர்கள், இந்தப் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தார்கள். ஒரு முகாமில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய ரீச்சர் ஒருவர், கரடியனாற்றுப் பக்கத்தவர், எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். ஒரு பின்னேரம் ஓட்டோவில் குழாயைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். வழிச் சென்றியில், இராணுவக் காவலரணில், இறக்கினார்கள்.

துவாயை விரித்த சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். துவக்கை எங்கள் பக்கம் திருப்பியபடி கத்தினான். நாங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். வியர்வை என் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கப் பயம். அதிகாரி ஒருவர் வந்தார். காக்காவுக்கு வியாபாரத்தில் பழகிய சிங்களம் இருந்தது. வானத்து வெள்ளிகளைப் பார்க்கிற சாமான் என்று விளக்கினார். அதிகாரி குழாயை மண்மூட்டைகளின் மேல் வைத்து அக்கரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஏன் தென்னைமரம் எல்லாம் தலைகீழா நிக்குது?"

"வெள்ளிக்குத் தலை கால் இல்லத்தானே சேர். அதால அப்படியே விட்டிரிக்கி."

அவர் சிரித்துவிட்டார். அக்கரையைத் தலைகீழாகவே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த அக்கரையில்தான் அன்று காலை ஷெல் விழுந்திருந்தது. பிறகு குழாயைத் தானே துவாயில் சுற்றித் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இனி வெளியே எடுக்கவேண்டாம், அடுத்த சென்றியில் முதலில் சுட்டுவிட்டுத்தான் கேட்பார்கள் என்றார். ரீச்சரின் பிள்ளைகள் அன்று எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். சொல்லி அனுப்ப வழி இருக்கவில்லை. குழாய் என் அலுமாரிக்குள் போனது. வில்லைகளை அரிசி போட்ட தகரப் பேணிக்குள் வைத்தேன், ஈரம் பிடிக்காமல்.

யுத்தம் முடிந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம் என்று பத்திரிகைகள் எழுதின. ரீச்சர் அப்போது ஊர் திரும்பியிருந்தார். என் கடைக்கு நேரிலேயே வந்தார்.

"அண்டைக்கு நீங்க வரல்ல. இந்தத் தரமாவது வருவீங்களா?"

கரடியனாற்றுக்கு அப்பால், வட்டை வயல்களின் நடுவில் இருந்தது அந்தக் கிராமம். நெல் கதிர் தள்ளியிருந்தது. வீடுகள் எல்லாம் தகரக் கொட்டில்கள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் கழற்றிச் சுமந்து போய்த் திரும்பக் கொண்டுவந்த தகரங்கள். ஆணித் துளையும் துப்பாக்கிச் சன்னத் துளையுமாக இருந்தன. பள்ளிக்கூடமும் ஒரு கொட்டில்தான். நாங்கள் போன கிரகண நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு ஏறாவூருக்குப் போய்வருகிறேன் என்று காக்கா மோட்டார்சைக்கிளை எடுத்தார். சூரியனில் முதல் கடி விழுந்த நேரத்தில் நான் தனியாக நின்றேன்.

குழாயால் சூரியனை நேரே பார்க்கக் கூடாது. அதன் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து அதில் விழுத்தினேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். சற்று நேரத்தில் தாய்மார் வந்தார்கள், பார்ப்பதற்கல்ல. "கிரகணத்துக்குள்ள வெளியில நிக்கிறதா? வாங்கடா வீட்ட!" கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ரீச்சர் கெஞ்சினார். கூட்டம் பாதியாயிற்று. வெயில் மங்கி, பின்னேரம் போல ஆனது. காகங்கள் மரத்துக்குத் திரும்பின.

அப்போது பள்ளிக்கூடத்தை அடுத்த கொட்டிலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ரீச்சர்! ஓடி வாங்க, ரீச்சர்!"

நாங்கள் ஓடினோம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பாயில் இருந்தாள். கிரகணம் படக்கூடாது என்று மாமியார் கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சேலை கட்டி, அவளை உள்ளே வைத்திருந்தா. உள்ளே இருட்டு. ஆனால் நிலம் முழுவதும், பாயிலும் பானையிலும் சுவரிலும், நூற்றுக்கணக்கில் சிறு பிறைகள் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கம் வளைந்தவை. கூரையின் ஒவ்வொரு துளையும் ஒரு சூரியனை இறக்கியிருந்தது. அவளுடைய வயிற்றின் மேலும் சில கிடந்தன.

மாமியார் சேலைத் தலைப்பால் அவற்றைத் தட்டினா. அவை தலைப்பில் ஏறிக்கொண்டன. கைகளால் மூடினா, புறங்கையில் வந்து இருந்தன. "இதென்ன கா இது? வீட்டுக்குள்ளயே வந்திட்டுதே!"

"தகரம் ஓட்டையெண்டு எத்தின தரம் சொன்னன், மாமி" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மாமியார் கொஞ்ச நேரம் கோபமாகத்தான் நின்றா. பிறகு உள்ளங்கையை விரித்து ஒரு பிறையை ஏந்திப் பார்த்தா.

செய்தி பரவியது. அடுத்தடுத்த கொட்டில்களிலும் பிறைகள் இருந்தன. இழுத்துப் போகப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடி எண்ணத் தொடங்கினார்கள். வெளியே வரமாட்டோம் என்றவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தே பார்த்தார்கள். காக்கா தொழுதுவிட்டு வந்து சேர்ந்தபோது என் குழாயடியில் ஒருவரும் இல்லை.

"என்ன தம்பி, எல்லாரும் ஓடிட்டாங்களா?"

"ஓம் காக்கா. வீட்டுக்குள்ள கிரகணம் பாக்கிறாங்க. வந்து பாருங்க."

அவர் தொப்பியோடு அந்தக் கொட்டிலின் வாசலில் நின்றார். பிறைகள் அப்போது மறுபக்கம் தடிக்கத் தொடங்கியிருந்தன. பிறகு குனிந்து, மாமியாரிடம், "உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் ரீச்சர் சொல்லியனுப்பினார்: பெண்பிள்ளை, சுகம், உடம்பில் ஒரு மறு கூட இல்லை. அதன்பிறகு அந்த ஊர் எங்களை மாதத்துக்கு ஒரு தரமாவது எதிர்பார்த்தது. கிரானிலிருந்தும் கூப்பிட்டார்கள். வெள்ளாமை வெட்டு முடிந்த வயலில், நெற்சூடு மிதித்த களத்தில் குழாயை நிறுத்துவோம். சனியைப் பார்த்து யாரோ ஒருவர் படம் ஒட்டியது என்று சொல்லாத மாலை இல்லை.

சில வருடங்களில் கொட்டில்கள் கல்வீடுகளாகின. மின்சாரம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் பெரிய விளக்கொன்றைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு மங்கலான வெள்ளிகள் அங்கே தெரிவதில்லை. நாங்கள் போகிற அன்று அதை அணைக்கச் சொல்லி ரீச்சர் கேட்பார். பாம்புக்குப் பயம், அணைக்கவேண்டாம் என்று சனம் சொல்லும். காக்கா உடனே ஒத்துக்கொள்வார். "எரியட்டும் ரீச்சர். நிலாவும் சனியும் இந்த வெளிச்சத்திலயும் தெரியும்" என்று குழாயைக் கொஞ்சம் தள்ளி, வயல் வரம்போரம் கொண்டுபோய் நிறுத்துவார்.