நிற்பதற்குப் போட்ட பாதை

கொல்லைக் கதவுக்குப் பின்னால் மூங்கில் கழியில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு ஒன்று சாத்தியிருக்கிறதே, அதை எடுத்து வாசல் கூட்டினால் அப்பா ஏன் சத்தம் போடுகிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். ஈர்க்கு தேயத் தேய மாற்றிக் கட்டியிருக்கிறேன். கழி மட்டும் பழையது. எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல இத்தனை வருஷமாக வரவில்லை.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊருக்கு ஊர் பைக் கடை திறந்தார்கள். தவணை கட்டினால் போதும், பெரிய பெரிய வண்டி வீட்டுக்கு வந்துவிடும். ஓட்டத்தான் இடமில்லை. கும்பகோணம் புறவழிச் சாலையில் பந்தயம் விட்டு மாதத்துக்கு ஒருத்தன் செத்துக்கொண்டிருந்தான். அப்படிச் செத்தவர்களில் ஒருத்தன், நான் பாய் என்று கூப்பிடும் நம் ஊர்க்காரருடைய கடைசித் தம்பி. பாய் வளைகுடாவில் பதினைந்து வருஷம் மெக்கானிக். அங்கே பாலைவனத்தில், இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்று நேராக ஓடுவதற்கென்றே போட்ட பாதையைப் பார்த்திருக்கிறார். கால் மைல் ஓட்டம், அவ்வளவுதான். தம்பியை அடக்கம் செய்ய வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்த மாதிரிப் பாதை ஒன்று இங்கே போட்டால் இவர்கள் ரோட்டில் சாக மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்கு அவருக்குக் கிடைத்த ரோடு மேஸ்திரி நான்.

ஓட, நிற்க எல்லாம் சேர்த்து, நம் பக்கத்தில் நேராக ஒரு மைல் கிடைக்குமா? எங்கே கயிறு பிடித்தாலும் நடுவில் ஒரு வாய்க்கால் வரும். வலங்கைமானுக்குத் தெற்கே, பிள்ளைகளெல்லாம் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட ஒரு மிராசுதார் குடும்பத்தின் மேட்டுத் தோப்பு கடைசியில் அமைந்தது. களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதை இடுப்பளவு வெட்டி எடுத்துவிட்டு மணலும் கப்பியும் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். ரோடு என்றால் நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் சரிவு விட்டுத்தான் எனக்குப் பழக்கம். பாய் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கோலி குண்டை வைத்தால் உருளக்கூடாது என்று மறுபடி கொத்தச் சொன்னார். தாசில்தார் ஆபீஸ், போலீஸ், தீயணைப்பு என்று அலைந்ததில் எனக்கு இரண்டு செருப்பு தேய்ந்தது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "எங்கேயும் போகாத ரோடு போடுறவர் வர்றாரு, பெஞ்சை விடுங்கப்பா" என்பார்கள். பாயிடம் சொன்னால் சிரிப்பார்.

வண்டி ஓடுகிற கால் மைலைப் பற்றி அவர் அதிகம் பேசியதே இல்லை. அதற்கு அப்பால் வண்டி நிற்பதற்கு விட்ட தூரத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஓட்டத்தைவிட அது நீளம். அதன் முடிவில் மணல் படுகை. "ஓடுறதுக்கு எவன் வேணாலும் பாதை போட்டுருவான் மேஸ்திரி. நிக்கிறதுக்குப் போடணும்" என்பார். தினமும் சாயந்திரம் அந்தக் கோடியில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தாரைத் தடவிப் பார்ப்பார். ஒரு பொடிக்கல் கையில் ஒட்டினாலும் என்னைக் கூப்பிடுவார்.

ஆவணியில் திறந்திருக்க வேண்டியது. ஒரு கையெழுத்துக்காகப் புரட்டாசி முடிவுக்குத் தள்ளிப்போனது. அப்போது குறுவை அறுப்பு. மூன்று நாள் மழையில் நெல் ஊறிப்போய்க் கிடந்தது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி விடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் தார் ரோட்டைப் பார்த்தால் நெல்லைக் கொட்டிக் காயவைக்கத்தான் தோன்றும். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு வந்து, "நாளைக்கு முளை விட்டுரும்ணே, ஒரு பகல் மட்டும்" என்று நின்றார்கள். பாய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லத் தஞ்சாவூர் போயிருந்தார். ஓடுகிற பக்கம் மூச், ஒரு மணி விழக்கூடாது, நிற்கிற கோடியில் கொட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டேன். முளைக்கப்போகிற நெல்லைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்களில் உங்கள் அம்மாவும் இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நெல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் இந்த விளக்குமாற்றோடு இறங்கினேன். புதுத் தாரின் சொரசொரப்பில் நெல்மணி உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. முக்கால்வாசி கூட்டியிருப்பேன். அதிகாரிகள் வந்துவிட்டார்கள், பந்தலில் நாற்காலி போதவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன்.

முதல் ஓட்டம் தான்தான் ஓட்டுவேன் என்று பாய் முன்னமே சொல்லியிருந்தார். பாதையில் குறை இருந்தால் அது தன்னோடு போகட்டும் என்றார். ஹெல்மெட்டை மாட்டப் போனவர் என்னைப் பார்த்து, "பெருக்கியாச்சா மேஸ்திரி?" என்றார். சுற்றிலும் ஆட்கள். "ஆச்சு பாய்" என்றேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் கையால் தடவிப் பார்க்காமல் வண்டி ஏறினார்.

கால் மைலை அவர் தாண்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கோடியில் பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் பக்கவாட்டில் விலகியது. மணல் படுகைக்கு நேராகப் போகவேண்டிய வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலிக் கல்தூணில் மோதியது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையெல்லாம் நெல் ஒட்டியிருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, பிரேக் பிடிக்கவில்லை, வண்டி என் வண்டி என்று எழுதிக் கொடுத்தார். ஊரும் வாயைத் திறக்கவில்லை. எல்லார் வீட்டு நெல்லும் அதில் கிடந்ததே. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "பேசாம இருங்க மேஸ்திரி. உங்க புள்ளைங்க சின்னதுங்க" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் நீங்கள் சாப்பிட்டது அந்த நெல்லைத்தான்.

அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். வளைகுடாவுக்கு ஒற்றைக் காலோடு யார் கூப்பிடுவார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டு பத்து வருஷம் இருந்தார். புறவழிச் சாலையில் அடிபட்டவர்களின் வண்டி பழுது பார்க்க வரும்போதெல்லாம், எத்தனை வயசு என்று மட்டும் கேட்பாராம். போன வருஷம் அவரை அடக்கம் செய்தபோது நான் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

அந்தப் பாதை இன்னும் வெடிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தோம். இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நெல்தான் காய்கிறது. அறுப்பு முடிந்து எல்லாரும் அள்ளிக்கொண்டு போன பிறகு நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போகிறேன் அல்லவா, வாக்கிங் போகிறேன் என்று உங்களிடம் சொல்வது பொய். வண்டி நிற்கவேண்டிய தூரம் முழுக்க ஓர் இடம் விடாமல் கூட்டுவேன். அங்கே இனி எந்த வண்டியும் ஓடப்போவதில்லை. கூட்டி முடித்ததும் அவர் குந்துகிற இடத்தில் குந்தி, உள்ளங்கையால் தாரைத் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணியாவது கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது.