விபூதிப் புதனோடு நிறுத்துகிற மனுஷன்

குடிகாரன் என்றால் யார் என்று எங்கள் ஆட்களைக் கேட்டுப்பாருங்கள். ரோட்டில் விழுந்து கிடப்பவன் என்பார்கள். பெண்சாதியை அடிக்கிறவன், வேலைக்குப் போகாதவன், பூசைக்கே மணத்தோடு வருகிறவன் என்பார்கள். என் கணவர் இதில் ஒன்றுமே இல்லை. கனடாப் பனி கொட்டினாலும் முகச்சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனார். ஸ்காபரோவில், ரூஜ் பக்கம் வீடு வாங்கினார். பிள்ளைகள் இரண்டு பேரையும் படிப்பித்து, வேறு நகரங்களில் நல்ல வேலைகளில் அமர்த்திவிட்டார். வேலையால் வந்ததும் கராஜுக்குள் போவார். பிறகு சாப்பிடத்தான் வெளியே வருவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானோடு நான் கடைசி இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன்.

எங்கள் தெருவில் தமிழ் வீடுகளை அடையாளம் பிடிப்பது சுலபம். கார் வெளியே பனியில் நிற்கும், கராஜுக்குள் சோபா, ஹீட்டர், சின்ன ஃபிரிட்ஜ். ஆம்பிளைகள் அதற்குள்ளே. நாங்கள் குசினிக்குள் நின்று அவர்கள் குடியோடு கொறிக்க பைற்ஸ் பொரிக்க வேண்டும். இறைச்சிக்கு உறைப்புக் காணாவிட்டால் கோப்பை திரும்பி வரும். என் கையால் பொரித்த ஆட்டிறைச்சிக்குப் பக்கத்து ஊர் ஸ்ரௌவ்வில் வரை பேர் இருந்தது. மண்ணாங்கட்டிப் பேர்!

இவ்வளவு குடித்த மனுஷன் தவக்காலத்தில் தொடமாட்டார். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால், உயிர்ப்பு ஞாயிறு வரை நாற்பது நாளும் ஒரு சொட்டும் இல்லை. ஆண்டவருடைய பாடுகளுக்காக அவர் செய்கிற ஒறுத்தல் அது. ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற அவருடைய தமையனுக்கு இதில் அப்படியொரு பெருமை. நான் எப்போது வாய் திறந்தாலும் அந்த மனுஷன் இதைத்தான் தூக்கிப் போடுவார்.

"என்ர தம்பி நினைச்சா நிப்பாட்டுவான். குடிகாரன் எண்டால் நிப்பாட்டேலுமே? சொல்லும் பாப்பம்."

கண்ணுக்கு முன்னால் நிறுத்திக் காட்டுகிறாரே.

ஆனால் அந்த முதல் சில நாள்கள் வீட்டுக்குள் நடப்பதை நான்தான் பார்த்தேன். சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் நிற்காது. வெளியே உறைபனி, அவருக்கு முதுகெல்லாம் வியர்வை. குசினியில் கரண்டி விழுந்தாலும் துடித்துப் பதறி எழும்புவார். படுத்தால் நித்திரை இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் விரதக்களை என்று சொன்னார். "பாவம், மனுஷன் எவ்வளவு பக்தியா ஒறுக்குது" என்று கோயிலில் பெண்கள் என்னிடமே சொல்லி உருகினார்கள்.

போன தவக்காலத்துக்கு முந்தின மாதம் இரத்தப் பரிசோதனையில் ஏதோ பிழை என்று குடும்ப டொக்டர் கூப்பிட்டிருந்தார். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்று தனியாகப் போனார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"குடிக்கிறனியோ எண்டு கேட்டார். பார்ட்டி வழிய கொஞ்சம் எண்டு சொன்னன். தவக்காலத்தில அதுவும் இல்லையெண்டன். ஆளுக்குச் சரியான சந்தோஷம்."

விபூதிக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை கராஜ் நிரம்பி வழிந்தது. நாளைக்கு நிறுத்துவதற்காக இன்றைக்கு இரண்டு மடங்கு குடிப்பது எங்கள் ஆட்களின் வேதம். புதன்கிழமை சாம்பல் பூசினார். வியாழக்கிழமை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வெள்ளிக்கிழமை, "இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கோயிலுக்குப் போகவேண்டாம்" என்றேன். கேட்டால்தானே!

சிலுவைப்பாதைச் செபம் பாதி முடிந்திருக்கும். முழங்காலில் நின்றவர் தன் சட்டைக் கையைக் கிள்ளிக் கிள்ளி எதையோ எடுத்துப் போட்டார்.

"இஞ்சாரும், சட்டை முழுக்க எறும்பப்பா. தட்டிவிடும்."

அந்தக் குளிரில் எங்கே எறும்பு? ஒன்றும் இல்லை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சட்டை தெப்பமாய் நனைந்திருந்தது. நான் அவரை எழுப்பப் பார்த்தேன். பின்னால் இருந்த வயதான அன்ரி ஒருவர் என் தோளை அமத்திப் பிடித்தார். "விடும் பிள்ளை. ஆண்டவர் அவரோட பேசுறார். குழப்பாதையும்." சுற்றி நின்றவர்கள் செபத்தை இன்னும் உரத்துச் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அன்ரியைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அதற்குள் இவர் எழும்பி, யாருமே இல்லாத பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வலிப்பு. கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயால் நுரை தள்ளியது. அம்புலன்சுக்கு ஃபோன் அடித்தது நான்தான்.

கோயிலில் இருந்து யாரோ அறிவித்து, ஆஸ்பத்திரிக்குத் தமையன் எனக்கு முன்னமே வந்து நின்றார். தாதி முதலில் கேட்ட கேள்வியே, இவர் குடிக்கிறவரா என்பதுதான். தமையன் பாய்ந்து விழுந்து, "நோ, நோ. நோ டிரிங்கிங். ஃபாஸ்டிங்" என்றார். அதில் பொய் இல்லை பாருங்கள். புதன்கிழமையில் இருந்து அவர் குடிக்கவே இல்லை. தாதியும் தலையாட்டிவிட்டு, முன்பு வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா என்று அடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டார்.

"ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்" என்றேன் நான். "விஸ்கி. இருபது வருஷமா. செவ்வாய்க்கிழமை இரவோட நிப்பாட்டினவர்."

"நீர் வாயைப் பொத்தும்!" என்று தமையன் தமிழில் சீறினார். "நாலு பேர் அறிஞ்சா என்ன நினைப்பினம்?"

தாதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தார்.

எனக்கு விளங்கும்படி அந்த டொக்டர் பெண் கதவை வைத்து விளக்கம் சொன்னார். வெளியே ஒருவர் நின்று கதவைத் தள்ளுகிறார், உள்ளே நீங்கள் எதிர்த்துத் தள்ளுகிறீர்கள். வெளியே நின்றவர் சட்டென்று விலகினால் நீங்கள் முகங்குப்புற விழுவீர்கள் அல்லவா? மதுவும் மூளையை இப்படித்தான் அமத்துகிறது, மூளையும் வருஷக்கணக்காக எதிர்த்துத் தள்ளிப் பழகிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, சிலருக்குச் சாவு. அதனால் மருந்தோடு, டொக்டரின் கண்காணிப்பில்தான் விட வேண்டுமாம். ஒவ்வொரு தவக்காலமும் இந்த மனுஷன் சாவோடு விளையாடியிருக்கிறார், நாங்கள் அதைப் பக்தி என்று கும்பிட்டிருக்கிறோம்.

பிறகு ஸ்கான் எடுத்தார்கள். ஈரல் தழும்பு பிடித்து இறுகியிருந்தது. கெட்டது கெட்டதுதான், ஆனால் இனி ஒரு சொட்டும் தொடாவிட்டால் மிச்ச ஈரலோடு பல வருஷம் வாழலாம் என்றார் டொக்டர். தமையனும் பக்கத்தில் நின்று கேட்டார்.

மருந்தோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமைகள் எப்படி இருந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நித்திரை கொண்டார். பசிக்குது என்றார். வீங்கியிருந்த கால் வற்றியது. ஒருநாள் பின்னேரம் குசினிக்கு வந்து, வெங்காயம் வெட்டித் தரட்டோ என்று கேட்டார். கலியாணம் கட்டி அன்றைக்குத்தான் முதல்தடவை. "இனி வேண்டாமப்பா, காணும்" என்று தானாகவே சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன்.

இதற்கிடையில் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு கதை கிளம்பி, ஃபோன் ஃபோனாக ஸ்காபரோ முழுக்கச் சுற்றி வந்தது. தம்பிக்கு வருத்தம் வந்து வலிப்பு இழுத்தது குடித்ததால் இல்லை, குடியை விட்டதால்தான். ஆஸ்பத்திரி டொக்டரே சொன்னவ. கடையில் நின்ற ஒரு மனுஷி இதை என்னிடமே சொன்னாள்!

உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல எல்லாரும் எங்கள் வீட்டில். தமையன் போத்தலோடு வந்தார். மேசையில் வைத்துத் தானே ஊற்றினார்.

"ஒரேயடியா விட்டதுதான் பிழை. கொஞ்சம் கொஞ்சமா எடு. உடம்பு பழகினது, கேக்கும்தானே."

"அண்ணை, இனி ஒரு சொட்டு பட்டாலும் ஈரல் போகுமெண்டு அதே டொக்டர்தான் சொன்னவ. நீங்களும் பக்கத்திலதானே நிண்டனீங்கள்? அதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? உங்கட தம்பி சாகப்போறார்!"

எல்லாரும் என் கணவரைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு சொல் போதும், வேண்டாம் என்று. எனக்காக இல்லாவிட்டாலும் தன் உயிருக்காகவாவது சொல்லுவார் என்று நின்றேன்.

"விட்டாலும் சாகத்தானே பாத்தன்" என்று சொல்லிவிட்டுக் கிளாசை எடுத்தார். வீடே சிரித்தது.

இலை கொட்டுகிற காலத்தில் போய்விட்டார். கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு நிறையத் தண்ணீர் கட்டி, கடைசியில் இரத்தம் இரத்தமாக வாந்தி எடுத்து. ஐம்பத்துமூன்று வயது.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் தமையன் வாசலடியில் நின்று, ஈரலில் ஏதோ கிருமித் தொற்று என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அனுதாபம் சொல்ல வந்த ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, "குடிச்சுத்தான் செத்தவர்" என்றேன். சில பேர் கையை மெல்ல உருவிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்த வரிசை நின்றுபோயிற்று. எல்லாரும் வாசலடியிலேயே தமையனைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே போனார்கள்.