தங்கையின் தலையிடியை நான் குறைத்துச் சொன்ன நாள்

“…அவவின்ரை நோவை நீங்கள் சொல்ல வேண்டாம், அவவே சொல்லட்டும்” என்று ஆங்கிலத்தில் என்னை நிறுத்தினார் அந்தக் கறுப்பின நேர்ஸ். ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரி. முதல் நாள் பிள்ளை பெற்ற என் தங்கைக்கு ஆங்கிலம் ஓடாது. மொழிபெயர்க்க நின்றவள் நான்.

சற்று முன்புதான் டொக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். தங்கை என்னிடம், “மண்டை பிளக்குது அக்கா, கண்ணுக்கு முன்னாலை மினுங்குது” என்றாள். நான் அவரிடம், “கொஞ்சம் தலையிடியாம்” என்றேன். எங்களைக் கத்திக் குழறுகிற சனமென்று நினைத்துவிடக் கூடாதே என்ற மானம் எனக்கு. அவரோ அந்தக் கொஞ்சத்தையும் நம்பவில்லை. “உங்கள் பெண்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கூடவே நின்று தலையாட்டிய என்னை நினைத்தால் அதைவிட எரிகிறது.

நேர்ஸ் போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, தங்கையையே பேசவைத்தார். பிறஷரை இரண்டு தரம் பார்த்தார். டொக்டரை அழைத்தார். “மாத்திரை கொடு, காலையில் பார்க்கலாம்” என்றாராம் அவர்.

“வலிப்பு வரக்கூடிய பிறஷர் இது. எங்கடை கறுப்புப் பெண்களுக்கும் உப்பிடித்தான் சொல்லுறவை” என்றார் நேர்ஸ், என் முகத்தைப் பாராமலே.

இன்று தங்கை ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் மகளைத் துரத்தித் துரத்திச் சோறு தீத்துகிறாள். அன்று அந்த நேர்ஸ் போனைக் கீழே வைக்கவில்லை. அந்த டொக்டருக்கும் மேலான பெரிய டொக்டரை அழைத்தார். அவர் வந்து சேரும்வரை தங்கையின் கட்டிலடியை விட்டு அசையவில்லை.